இடுப்பில் துப்பாக்கி: அமெரிக்கத் தமிழர்கள் கேட்ட கேள்விகள்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கும் நம்மவர்கள் எடுத்தவுடன் கேட்பது 'எந்த மாடல்?' என்றுதான். ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), பெல்ட் பற்றிக் கேட்பவர் குறைவு. அதனால் கேட்டதற்கு மேலும் சில இடங்களில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் டெக்சாஸிலிருந்து வந்தவை. மாநிலம் மாறினால் சட்டமும் மாறும்.

கிரீன் கார்டு வந்துவிட்டது. தினமும் வைத்துக்கொள்ள முதல் துப்பாக்கி வாங்கப் போகிறேன். கிளாக் 19 நல்லதா, சிக் பி365 நல்லதா? (ஹூஸ்டன்)

இரண்டுமே நம்பி வாங்கலாம், இரண்டுமே சுடுவது 9 எம்.எம். தோட்டா. கிளாக் 19-இல் 15 தோட்டா பிடிக்கும், காலி மேகசினோடு (தோட்டா அடுக்கும் பெட்டி) 670 கிராம் அளவுக்கு எடை இருக்கும். 2018-இல் வந்த பி365 அரைக் கிலோ பக்கம், அதோடு வரும் மேகசினில் 10 தோட்டா. மெல்லிய டி-ஷர்ட்டுக்கு அடியில் பி365 சுலபமாக மறையும். சுடுவதற்குச் சுகமானது கிளாக்தான். துப்பாக்கி சிறுக்கச் சிறுக்கப் பிடிக்க இடம் குறையும், உதை கூடும், குறி விலகும். 'சின்னதுதானே, புதுசா கத்துக்கிறவனுக்கு அதுதான் சரி' என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

வாங்குவதற்கு முன் ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். பிடித்தால் சுண்டுவிரல் கைப்பிடிமேல் உட்காருகிறதா, காற்றில் தொங்குகிறதா? ட்ரிகர்மேல் ஆள்காட்டி விரலின் நுனிச்சதை படுகிறதா, அல்லது எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? கை வியர்த்திருக்கும்போதும் ஸ்லைடைப் (துப்பாக்கியின் நகரும் மேல்பாகம்) பின்னால் இழுக்க முடிகிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் அதுதான் உங்கள் துப்பாக்கி. என்னைக் கேட்டால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கிளாக் 43எக்ஸையும் பார்க்கச் சொல்வேன். 10 தோட்டாதான், ஆனால் உடம்பு ஒல்லி, கைப்பிடி முழு நீளம்.

பட்ஜெட் முழுவதையும் துப்பாக்கியிலேயே முடித்துவிடாதீர்கள். தரமான ஹோல்ஸ்டர், விறைப்பான கன் பெல்ட், பயிற்சிக்குச் சில நூறு தோட்டா, இதெல்லாம் சேர்ந்துதான் செலவு.

டெக்சாஸில் 2021-லிருந்து கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல லைசென்ஸே வேண்டாம் என்கிறார்கள். நான் எச்-1பி. வாங்கலாமா? (ஆஸ்டின்)

கூடாது. அந்த மாநிலச் சட்டம், துப்பாக்கி வைத்திருக்க ஏற்கெனவே தகுதியுள்ளவர்களுக்கு மட்டும். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுடுவதும் அந்தக் கணக்கில்தான் வரும். பல பேருக்கு இது தெரியாது. முறையாக எடுத்த வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அதை நம்பி இறங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். துப்பாக்கிக் குற்றம் என்று தீர்ப்பானால் சிறையோடு முடியாது, நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள்.

நர்ஸ் வேலை, நடு இரவில் பார்க்கிங் வரை தனியாக நடக்கிறேன். கணவர் சின்ன ரிவால்வர் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். (டாலஸ்)

உங்கள் கணவருக்கு நல்ல மனசு, ஆனால் இரண்டு யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்மித் அண்ட் வெசன் 642 மாதிரி ஐந்து தோட்டா ரிவால்வர் பார்க்கத்தான் சாது. எடை குறைவு என்பதால் உள்ளங்கையில் அறைந்த மாதிரி உதைக்கும், ட்ரிகரும் நீளம், கனம். பழகிய கைக்கு அருமையான ஆயுதம். 'பெண்களுக்கு ஏற்றது' என்பது கடைக்காரர்கள் கட்டிவிட்ட கதை.

கைப்பையில் முதல் சிக்கல், திருடன் பிடுங்குவதே அந்தப் பையைத்தான். அதோடு வீட்டுக்கு வந்ததும் பையைச் சோபாவில் போடுவோம், பிள்ளைகள் சாக்லேட் தேடிக் கை விடுவார்கள். வேறு வழியே இல்லையென்றால் துப்பாக்கிக்கென்றே தனி அறை உள்ள பை, அதற்குள்ளும் ஹோல்ஸ்டர். அந்த அறையில் சாவி, லிப்ஸ்டிக் எதுவும் கூடாது.

அதைவிட இடுப்பைச் சுற்றிக் கட்டும் பெல்லி பேண்ட் நல்லது. ட்ரிகரைக் கைடெக்ஸ் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு மூடும்படி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், வெறும் எலாஸ்டிக் துணி போதாது. லெகிங்ஸ், சுடிதார் எதற்கும் ஒத்துவரும். ஒன்று கவனியுங்கள்: நீளமான குர்தா துப்பாக்கியை அழகாக மறைக்கும், எடுக்கும்போது அதுவே காலைவாரும். முழங்கால் வரை உள்ள துணியை இடது கையால் அள்ளி மார்புவரை தூக்கினால்தான் வலது கை உள்ளே போகும். குட்டையான டாப்ஸ் என்றால் ஒரே இழுப்பு. எதை உடுத்தப் போகிறீர்களோ அதிலேயே, தோட்டா இல்லாத துப்பாக்கியோடு வீட்டில் பழகுங்கள்.

முக்கியமானது: டெக்சாஸில் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் மருத்துவமனைக்குள் கொண்டுபோகக் கூடாது. அதனால் ஷிப்ட் முழுக்க அது காரில்தான் இருக்கும். சீட்டுக்கு அடியில் கேபிள் போட்டுப் பூட்டும் பெட்டி இல்லாமல் இந்தத் திட்டத்தையே தொடங்காதீர்கள். அப்போதும் வாசலிலிருந்து கார் வரை நடக்கையில் கையில் துப்பாக்கி இருக்காது. காவலாளியைக் கூட வரச் சொல்லுங்கள், பெப்பர் ஸ்ப்ரேக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

முன்பக்கம் வைப்பதா, பக்கவாட்டிலா? எனக்குக் கொஞ்சம் தொப்பை. (ஃபிரிஸ்கோ)

தொப்புளுக்குப் பக்கத்தில் வைக்கும் அபென்டிக்ஸ் முறையில் எடுப்பது வேகம், யாராவது பிடுங்க வந்தாலும் தடுக்கலாம். ஆனால் உட்கார்ந்தால் வயிறு கைப்பிடியை வெளியே தள்ளும், குழல் தொடையில் குத்தும். தொப்பைக்காரர்கள் பலர் வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், கடிகாரத்தில் 4 மணி இடத்தில் வைத்து நிம்மதியாக இருக்கிறார்கள். அதில் குனிந்தால் சட்டை தூக்கி, துப்பாக்கி தெரியும். காரில் சீட் பெல்ட்டின் பக்கிளும் அங்கேதான் வந்து முட்டும். முதுகுத்தண்டுக்கு நேராக மட்டும் வேண்டாம், மல்லாக்க விழுந்தால் எலும்புக்கு ஆபத்து. சினிமாவில் வரும் தோள் ஹோல்ஸ்டர் ஜாக்கெட் போடும் ஊருக்கு. டெக்சாஸ் ஆகஸ்ட் மாதத்துக்கு அல்ல.

எந்த இடமானாலும் திரும்ப உள்ளே வைக்கும்போதுதான் விபத்து. சட்டை நுனியோ, ஜாக்கெட்டின் நாடாவோ ஹோல்ஸ்டருக்குள் மாட்டி ட்ரிகரை அழுத்திவிடும். விரல் வெளியே, கண் ஹோல்ஸ்டர்மேல், மெதுவாக. வேகமாக வைப்பதற்கு யாரும் உங்களுக்குப் பரிசு தரப்போவதில்லை. தினமும் மாட்டும்போது ஹோல்ஸ்டரில் துப்பாக்கியைச் செருகி, ஹோல்ஸ்டரோடு சேர்த்து இடுப்பில் ஏற்றுவது இன்னும் பத்திரம்.

கிளாக்கில் சேஃப்டி பட்டனே இல்லையே. சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறை) தோட்டா ஏற்றித்தான் வைக்க வேண்டுமா? (சான் அன்டோனியோ)

உள்ளே மூன்று பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. ட்ரிகரை அழுத்தாமல் வெடிக்காது. ட்ரிகரை முழுக்க மூடும் ஹோல்ஸ்டர் இருந்தால் ஏற்றியே வைக்கலாம், ஆபத்து நேரத்தில் ஸ்லைடை இழுக்க இரண்டாவது கை கிடைக்காமல் போகலாம். மனசு ஒப்பவில்லையா? சில வாரம் சேம்பரைக் காலியாக வைத்து நடமாடுங்கள். ட்ரிகர் தானாக விழவே இல்லை என்று கண்ணால் பார்த்தபின் பயம் போய்விடும். அப்புறம், தினமும் இறக்கி ஏற்றும் பழக்கம் இருந்தால் அதே தோட்டாவையே சேம்பருக்கு அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். அடிபட்டு அடிபட்டு ஈயமுனை தோட்டாவின் உறைக்குள் அமுங்கிவிடும், சுடும்போது அழுத்தம் எகிறும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அலமாரி மேல்தட்டு போதுமா? (ஷுகர்லேண்ட்)

போதாது. நாற்காலி போட்டு ஏறுவார்கள். இடுப்பில் இல்லையென்றால் பூட்டிய பெட்டியில், நடுவில் வேறு இடம் கிடையாது. 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்கு எட்டும்படி விட்டால் டெக்சாஸில் குற்றம்.

கோயிலுக்குப் போகும்போது? (பியர்லேண்ட்)

வழிபாட்டுத் தலங்களில் டெக்சாஸ் சட்டம் தானாகத் தடுப்பதில்லை, நிர்வாகம் முறைப்படி அறிவிப்புப் பலகை வைத்தால் தடை. பலகை இருக்கிறதோ இல்லையோ, வேட்டியில் கன் பெல்ட் நிற்காது, சாஷ்டாங்கமாக விழுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். கார்ப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போங்கள்.

காரிலேயே நியூ ஜெர்சியில் அக்கா வீட்டுக்குப் போகிறோம். டெக்சாஸ் லைசென்ஸ் செல்லுமா? (ஹூஸ்டன்)

செல்லாது. 1986 ஃபெடரல் சட்டம் கடந்துபோகிறவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. அதுவும் தோட்டா எடுத்து, பூட்டி, கைக்கு எட்டாமல் வைத்தால்தான். அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்குவது அதில் வராது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

லீவுக்குச் சென்னை போகும்போது எடுத்துப்போக வழி உண்டா? (கேட்டி)

நினைக்கவே வேண்டாம். இந்தியாவில் 9 எம்.எம். தடைசெய்யப்பட்ட ரகம், ஆயுதச் சட்டம் 1959 லேசான சட்டம் அல்ல. துப்பாக்கியைவிட எனக்குப் பயம் உங்கள் பேக்பேக்கைப் பற்றித்தான். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையையே விமானத்துக்கும் எடுத்துப்போகிறவர்கள் உண்டு. அடியில், தையலுக்குள் சிக்கிய ஒற்றைத் தோட்டா எக்ஸ்ரேயில் தெரிந்தால் விமானத்தைத் தவறவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனில்தான் உட்கார வேண்டியிருக்கும். ரேஞ்சுக்குத் தனிப்பை வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சூட்கேஸ் அடுக்கும் அறைக்கே கொண்டுவராதீர்கள்.