சாலிட் சர்ஃபேஸ் மேடை: கூப்பிட வேண்டியது தச்சரை

காட்பாடி வாசகி ஒருவரின் கேள்வி: “அலுவலக வேலையில் மிஞ்சிய 12 மி.மீ. சாலிட் சர்ஃபேஸ் பலகைகள் இரண்டு கிடைத்தன. ஒட்டிச் சேர்த்து சமையலறை மேடையாகப் போடலாமா? கிரானைட் வேலை செய்பவர் தயங்குகிறார்.”

தாராளமாகப் போடலாம். அவர் தயங்கியதும் நியாயம்தான். இது கல் இல்லை, அக்ரிலிக் பிசினில் அலுமினா ட்ரைஹைட்ரேட் பொடியைக் கலந்து வார்த்த பலகை. டுபான்ட் நிறுவனம் 1967-இல் உருவாக்கிய கோரியன் இந்த வகைதான். கார்பைடு பல் வைத்த ரம்பமும், விளிம்பு கடையும் மின்கருவியான ரூட்டரும் கையாளத் தெரிந்த தச்சர் போதும்.

அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது மூலைகளைப் பற்றி. சிங்க்குக்கு வெட்டும் ஓட்டையின் உள்மூலைகள் கூர்மையாக இருந்தால், இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் அங்கிருந்துதான் விரிசல் ஓடும். ஜிக்சா ரம்பத்தால் வெட்டி அப்படியே விடாமல், ரூட்டரால் மூலையை வளைத்து, விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாக்கச் சொல்லுங்கள். இணைப்பும் அந்த ஓட்டையின் மேல் வரக் கூடாது, தள்ளியே இருக்கட்டும்.

அடுத்தது நம்மூர் வெயில். மூன்று மீட்டர் பலகை, 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். சுவரோடு சுவராக இறுக்கிவிட்டால் நீள இடமிருக்காது. ஓரங்களில் 3 மி.மீ. இடைவெளி விட்டு, ரப்பர் போல இறுகும் சிலிக்கான் சீலன்ட்டால் நிரப்புங்கள். அடியில் பிளைவுட் பட்டைகள் கொடுத்து, அவற்றின் மேல் சிலிக்கான் பொட்டுகளில் உட்கார வைத்தால் போதும். பலகையில் நேராகத் திருகாணி வேண்டவே வேண்டாம்.

ஒட்டுவதற்கு, பலகையின் நிறத்துக்கு ஏற்ற இரண்டு பாக அக்ரிலிக் பசையே சரி. சாதாரண எபாக்சி ஒட்டும், ஆனால் கோடு தெரியும். வெயிலில் பசை சீக்கிரம் இறுகிவிடும், அதனால் காலையிலேயே ஒட்டிவிடுங்கள். கிளாம்பை முறுக்கித் தள்ளினால் பசை முழுதும் பிதுங்கி வந்து இணைப்பு பலவீனமாகும். வழிந்ததை ஈரத்தில் துடைக்காமல், காய்ந்தபின் இழைத்து 120, 180, 240 உப்புத்தாளில் தேயுங்கள். தூசி மாவு போலப் பறக்கும். முகமூடி கட்டாயம், முடிந்தால் வேலையை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கறை, சின்னக் கீறல் எல்லாம் ஸ்காட்ச்பிரைட்டில் தேய்த்தால் போய்விடும். பளபளப்பு வேண்டாம், மங்கல் பூச்சே நம் சமையலுக்கு ஏற்றது.

அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அதன் மேல் வைக்கும் பழக்கம் மட்டும் ஆகாது. அதை விட முடியாது என்றால் அடுப்புப் பக்கம் கிரானைட் போட்டுவிட்டு, இந்தப் பலகைகளை வாஷ்பேசின் மேடைக்கும் ஜன்னல் திண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.