மினி பிசியும் வெளிப்புற கிராபிக்ஸ் கார்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மினி பிசியின் முன்பக்கம் ஒரு யுஎஸ்பி-சி போர்ட் இருக்கிறது. அதில் மானிட்டரை மாட்டினால் படம் வருகிறது. அதே போர்ட்டில் வெளிப்புற கிராபிக்ஸ் கார்டையும் மாட்டலாமா?
— வாசகர், ஈரோடு

படம் வருகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மானிட்டருக்கு டிஸ்பிளேபோர்ட் சிக்னல் வந்தால் போதும். கிராபிக்ஸ் கார்டுக்கு, கார்டும் பிராசஸரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் பிசிஐ எக்ஸ்பிரஸ் (சுருக்கமாக பிசிஐஇ) இணைப்பு வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்டுகளில் ஒன்றில் அது இருக்கும், மற்றதில் இருக்காது.

அந்த போர்ட் தண்டர்போல்ட் 3 அல்லது 4 (யுஎஸ்பி-சி வடிவிலேயே வரும் அதிவேக இணைப்பு) என்றால் கவலையில்லை. யுஎஸ்பி4 என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் தருவதும் தராததும் தயாரிப்பாளர் விருப்பம். ரைசன் 7040 வரிசை மினி பிசிகள் பலவற்றில் அது இருக்கிறது. வெறும் யுஎஸ்பி 3.2 என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. போர்ட்டுக்குப் பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் சிலர் சார்ஜிங் போர்ட்டுக்கும் அதைப் போலவே ஒரு குறி போட்டுவிடுகிறார்கள். மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரப் பட்டியலைப் பார்ப்பதுதான் சரி.

இன்னொன்று: கடையில் 'யுஎஸ்பி கிராபிக்ஸ் அடாப்டர்' என்று தரும் சின்ன டப்பா கூடுதல் மானிட்டர் மாட்டத்தான் உதவும். கேம், வீடியோ எடிட்டிங் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: தண்டர்போல்ட் இல்லை. உள்ளே எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் வழியாக கார்டு மாட்டலாம் என்கிறார்கள். என்னென்ன வாங்க வேண்டும்?
— வாசகர், திருச்சி

மாட்டலாம், வேகத்தில் தண்டர்போல்ட்டை விட இது மேல். தண்டர்போல்ட் 3 கேபிளில் நொடிக்கு 40 ஜிகாபிட் என்று எழுதியிருந்தாலும் கிராபிக்ஸ் கார்டுக்கு நடைமுறையில் கிடைப்பது 22 ஜிகாபிட் அளவுதான். எம்.2 ஸ்லாட் நான்கு லேன் (தரவு போகும் பாதை) கொண்ட பிசிஐஇ 4.0 ஆக இருந்தால், பிசிஐஇ-யை அப்படியே வெளியே கொண்டுவரும் ஆக்யூலிங்க் (OCuLink) கேபிள் வழியாக 64 ஜிகாபிட் போகும். இடையில் மாற்றிக் கொடுக்கும் சிப் எதுவும் இல்லாததால் தாமதமும் குறைவு.

முதலில் ஸ்லாட்டைப் பாருங்கள். என்விஎம்இ எஸ்எஸ்டி மாட்டும் எம்-கீ ஸ்லாட் வேண்டும். வைஃபை கார்டு உட்காரும் சின்ன ஸ்லாட்டில் ஒரே லேன்தான். சில மினி பிசிகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட், பிசிஐஇ இல்லாமல் பழைய டிஸ்க் இணைப்பான சாட்டா மட்டும் கொடுக்கும். அதில் கார்டு தெரியவே தெரியாது. இருப்பதே ஒரு ஸ்லாட் என்றால், விண்டோஸை 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு அதைக் காலி செய்யுங்கள்.

வாங்க வேண்டியவை: எம்.2-இலிருந்து ஆக்யூலிங்க் அடாப்டர் ஒன்று, ஆக்யூலிங்க் கேபிள் ஒன்று, கார்டை நிறுத்தி வைக்கும் டாக் ஒன்று, டெஸ்க்டாப்பில் இருக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்று. கேபிளை 50 செ.மீ.க்கு மேல் வாங்காதீர்கள். நீளம் கூடினால் பிசிஐஇ 4.0 சிக்னல் தடுமாறும். கேம் நடுவில் திரை கருப்பாகும். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் 'வியா-லாகர் 17' (WHEA-Logger) என்ற எச்சரிக்கை வரிசையாக விழுந்துகொண்டிருந்தால் கேபிள் அல்லது அடாப்டர்தான் காரணம். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) அந்த ஸ்லாட்டின் வேகத்தை ஜென் 3-க்கு, அதாவது பிசிஐஇ 3.0-க்கு, இறக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4060 குடிப்பது 115 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170. இரண்டுக்கும் நல்ல கம்பெனியின் 450 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். பழைய சிபியுவில் கழற்றிய பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் '500 வாட்' என்று ஸ்டிக்கர் இருந்தாலும், 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். டாக்கின் ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். மீதி 8-பின் கேபிளில்தான் வர வேண்டும். அதை மாட்ட மறந்தால் விசிறி சுற்றினாலும் படம் வராது.

வரிசை முக்கியம். எஸ்எம்பிஎஸ், மினி பிசி இரண்டும் அணைந்திருக்கும்போது கேபிளை மாட்டுங்கள். முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் செய்யுங்கள், பிறகு மினி பிசியை. மினி பிசியே டாக்கை எழுப்பும் வசதி சில டாக்குகளில் உண்டு. எதுவானாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்யூலிங்க் கேபிளைப் பிடுங்காதீர்கள். தண்டர்போல்ட் மாதிரி நினைத்தபோது மாட்டிக் கழற்றும் இணைப்பு இல்லை இது; மெஷின் அப்படியே உறைந்துவிடும்.

கேள்வி: எல்லாம் மாட்டியாகிவிட்டது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் வருகிறது, ஆனால் மஞ்சள் முக்கோணம். 'கோட் 12' என்கிறது. கார்டு கெட்டதா?
— வாசகர், மதுரை

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. அது கேட்கும் முகவரி இடத்தை பயாஸ் ஒதுக்கவில்லை என்பதே கோட் 12. பயாஸில் 'அபவ் 4ஜி டிகோடிங்' என்பதை ஆன் செய்யுங்கள். அந்த வரியே இல்லையென்றால் பயாஸை அப்டேட் செய்து பாருங்கள். பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீயைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை ஆன் செய்யும்போது விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

கோட் 43 வேறு கதை. அதற்கு முதலில் பழைய டிரைவரை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: கார்டு வேலை செய்கிறது. ஆனால் கேம் எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை. 4கே மானிட்டரும் 30 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை.
— வாசகர், யாழ்ப்பாணம்

மானிட்டர் கேபிள் எங்கே போகிறது? மினி பிசியின் பின்னால் என்றால் அதுதான் கோளாறு. கார்டு வரைந்த ஒவ்வொரு படமும் அதே குறுகிய கேபிளில் திரும்பி வந்து, மினி பிசி வழியாக வெளியே போகிறது. மானிட்டரை நேரடியாக கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டில் மாட்டுங்கள். பிறகு விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் கிராபிக்ஸ் பக்கத்துக்குப் போய், அந்த கேமுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று தேர்ந்தெடுங்கள்.

30 ஹெர்ட்ஸ் பிரச்சினையும் இதோடு சேர்ந்து தீரலாம். எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே என்றால் 30-தான். 60 வேண்டுமென்றால் போர்ட், கேபிள், மானிட்டர் மூன்றும் எச்டிஎம்ஐ 2.0 ஆக இருக்க வேண்டும். கார்டில் டிஸ்பிளேபோர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

எத்தனை லேன் ஓடுகிறது என்று பார்க்க ஜிபியு-இசட் (GPU-Z) என்ற மென்பொருள் போதும். 'பஸ் இன்டர்ஃபேஸ்' வரியில் 'எக்ஸ்4 1.1' (நான்கு லேன், பிசிஐஇ 1.1 வேகம்) என்று இருந்தால் பயப்படாதீர்கள். வேலையில்லாதபோது கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டால் உண்மையான எண் தெரியும். அப்போதும் எக்ஸ்1 என்றால் அடாப்டரைக் கழற்றி மீண்டும் அழுத்தி மாட்டுங்கள்.

கேள்வி: 2018 மாடல் மேக் மினிக்கு எந்தக் கார்டு?
— வாசகர், சென்னை

ஏஎம்டி மட்டும். மேக்ஓஎஸ் மொஹாவே பதிப்பிலிருந்து அண்மைக்கால என்விடியா கார்டுகளுக்கு டிரைவர் கிடையாது. தண்டர்போல்ட் 3 பெட்டியில் ஆர்எக்ஸ் 580 போட்டால் சிக்கலில்லாமல் ஓடும். ஆர்எக்ஸ் 6800 என்றால் மேக்ஓஎஸ் 11.4 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஃபைல்வால்ட் (மேக்கில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஆன் செய்திருந்தால் பாஸ்வேர்டு கேட்கும் திரை வெளிப்புற கார்டில் வராது. அதுவரை மானிட்டர் மேக் மினியின் எச்டிஎம்ஐயில் இருக்க வேண்டும். இரண்டு உள்ளீடு உள்ள மானிட்டர் என்றால் இரண்டு கேபிளையும் மாட்டியே வைத்துவிடலாம். கழற்றும் முன் மேல் பட்டையில் உள்ள ஐகானில் 'டிஸ்கனெக்ட்' கொடுங்கள். 2020 இறுதியிலிருந்து வரும் எம் வரிசை (ஆப்பிளின் சொந்த சிப்) மேக் மினியில் வெளிப்புற கார்டு மூலம் மானிட்டரை ஓட்ட வழியில்லை.

கேள்வி: டாலி, எக்செல், இரண்டு 4கே மானிட்டர். வெளிப்புற கார்டு தேவையா?
— வாசகர், சிவகாசி

தேவையில்லை. உள்ளே இருக்கும் கிராபிக்ஸே போதும். அந்தப் பணத்தில் ரேம் போடுங்கள்.

கேள்வி: கரண்ட் அடிக்கடி போகிறது. மினி பிசிக்கு மட்டும் யுபிஎஸ் வைத்தால் போதாதா?
— வாசகர், தஞ்சாவூர்

போதாது. டாக்கின் எஸ்எம்பிஎஸ் அணைந்தால் ஓடிக்கொண்டிருக்கும் கார்டு திடீரென்று காணாமல் போன மாதிரிதான். மினி பிசி உயிரோடு இருந்தும் பயனில்லை, விண்டோஸ் உறைந்துவிடும். டாக், மினி பிசி, மானிட்டர் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 3060-உடன் மினி பிசியும் மானிட்டரும் சேர்ந்தால் 300-ஐ ஒட்டி வந்துவிடும். கார்டு ஒரு நொடி எகிறினாலும் யுபிஎஸ் கத்திவிட்டு அணையும். 1000 விஏ எடுங்கள்.