மாறிகள் கூடினால் சமன்பாடு கடினமாகுமா?

“2ப + 3 = 11 என்பதற்கு ஒரே விடை. ப + ம = 10 என்பதற்கோ விடைகள் முடிவில்லாமல் வருகின்றன. அப்படியானால் மாறிகள் கூடக்கூடச் சமன்பாடு கடினமாகிறது என்று சொல்லலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்ல முடியாது. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ‘எத்தனை மாறிகளோ அத்தனை சமன்பாடுகள் வேண்டும்’ என்று நானும் மந்திரம் போல ஓதிக்கொண்டிருந்தவன்தான். ஒருநாள் இப்படிக் கேட்டேன்: பஸ்ஸில் 2 முழு டிக்கெட்டும் 1 அரை டிக்கெட்டும் சேர்ந்து 50 ரூபாய், ஒவ்வொன்றும் எவ்வளவு? ‘தகவல் போதாது, சார்’ என்ற பதிலுக்காகக் காத்திருந்தேன். ஒரு சிறுமி பேனாவைத் தொடாமலே, “முழு டிக்கெட் 20, அரை 10” என்றாள். ‘அரை’ என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டாவது சமன்பாடு ஒளிந்திருந்தது. கணக்கைப் போட்ட எனக்குத்தான் அது தெரியவில்லை!

அன்றிலிருந்து மாறிகளை எண்ணுவதற்கு முன், அந்த மாறி என்னவாக இருக்கலாம் என்று கேட்கப் பழகினேன். 7 ரூபாய்ப் பேனாவும் 5 ரூபாய்ப் பென்சிலும் வாங்கி 41 ரூபாய் கொடுத்தீர்கள் என்றால், 7ப + 5ம = 41. மெய்யெண்களில், அதாவது பின்னம், தசமம், குறை எண் எல்லாம் செல்லும் என்றால், இது ஒரு நேர்கோடு. அதன் மேலுள்ள ஒவ்வொரு புள்ளியும் விடை. ஆனால் கடையில் அரைப் பேனா கிடைக்காது. முழு எண்ணிக்கை என்றதும் 3 பேனா, 4 பென்சில் தவிர வேறு வழியே இல்லை. ஒரே சமன்பாடு, இரண்டு மாறிகள், ஒரே விடை. ப² + ம² = 0 என்பதும் அப்படித்தான்: மெய்யெண்களிலேயே இரண்டும் பூச்சியமாக இருந்தால் மட்டுமே பொருந்தும்.

மாறிகளின் எண்ணிக்கை, படி (மாறியின் மிக உயர்ந்த அடுக்கு) இரண்டும் சமமாக இருந்தாலும் கடினம் சமமாக இருப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. 60ப² + 1 = ம² என்பதற்கு மிகை முழு எண்களில் விடை தேடுங்கள்: ப = 4, ம = 31. சிறிது நேரத்தில் கிடைத்துவிடும். 60க்குப் பதில் 62 போட்டாலும் ப = 8, ம = 63. நடுவில் உள்ள 61ஐப் போட்டால்? மிகச் சிறிய விடையே ப = 226153980, ம = 1766319049. 1657இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா இதே 61ஐ வைத்து, ஃபிரெனிக்ல் என்ற சக கணிதவியலாளருக்குச் சவால் விட்டார். ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1150ஆம் ஆண்டு வாக்கில், இந்தியக் கணிதவியலாளர் இரண்டாம் பாஸ்கரர் சக்ரவாள முறையில் (ஒரே படிநிலையைச் சக்கரம் போலத் திரும்பத் திரும்பச் செய்து விடையை நெருங்கும் முறை) இதன் விடையைக் கண்டுவிட்டிருந்தார்; அந்தச் செய்தி ஃபெர்மாவுக்கு எட்டவில்லை.

விடையைச் சரிபார்க்கச் சாதாரணக் கால்குலேட்டரை எடுக்காதீர்கள். ம²க்கு 19 இலக்கங்கள், திரையில் அடங்காது. தாளில் பெருக்குங்கள், ஒரு மாலைப்பொழுது போய்விடும்.