"குதிரை மருந்து இனி வேண்டாம்" என்கிறார் அப்பா

கேள்வி: எங்கள் ஊர் தம்பலகாமம். போன பெரும்போக அறுவடையில் அப்பாவைப் புடையன் (கண்ணாடி விரியன்) கடித்துவிட்டது. வைத்தியசாலையில் விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, நடுங்கி, மூச்சு முட்டியது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இனிக் கடித்தாலும் அந்தக் குதிரை மருந்து வேண்டாமாம். கணினியில் வடிவமைத்த புரதம் விஷத்தை முறிக்கிறது என்று வாசித்தேன். அது எப்போது இங்கே வரும்?

பதில்: முதலில் அப்பாவுக்கு ஒன்று. மறுபடி கடித்து விஷம் ஏறியிருந்தால் அதே மருந்துதான், தாமதிக்காமல். போன முறை ஒவ்வாமை வந்ததை வாட்டுக்குள் போனதுமே சொல்லிவிடுங்கள். மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரினலின் ஊசி போடுவார்கள். இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாம்புக்கடி நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணி நேரத்தில் அது 43 சதவீதம் குறைத்தது. ஒவ்வாமையை எங்களால் சமாளிக்க முடியும். புடையன் விஷத்தால் உறையாமல் போன இரத்தத்தை இந்த மருந்து இல்லாமல் சமாளிப்பது மிகக் கடினம்.

அப்பாவின் பயம் நியாயமானது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுத்துத்தான் இந்த மருந்தைச் செய்கிறார்கள். அதில் விஷத்தைப் பிடிப்பது ஒரு பங்குதான். மற்றதும் சேர்ந்தே உள்ளே போகிறது. குதிரைப் புரதத்தை அந்நியனாகப் பார்த்து நம் உடம்பு சண்டைக்கு நிற்கிறது.

நீங்கள் வாசித்தது 2025 ஜனவரியில் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வாக இருக்கும். புரத வடிவமைப்புக்காக 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்ற டேவிட் பேக்கரின் குழுவும் டென்மார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. நாகபாம்பு விஷத்தில் மூன்று விரல் நீட்டியதுபோல் ஒரு சிறு நச்சு உண்டு. நரம்பு அனுப்பும் சேதியைத் தசை வாங்கும் இடத்தில் அது போய் அடைத்துக்கொள்ளும். இமை தொங்கும், கடைசியில் மூச்சு நிற்கும். அந்த விரலுக்கு அளவெடுத்த உறைபோல, இயற்கையில் எங்குமே இல்லாத ஒரு புரதத்தைக் கணினியில் வரைந்து, பக்டீரியாவில் வளர்த்தெடுத்தார்கள். உறை மாட்டிய நச்சு தசையில் ஒட்டாது. உயிர்போகும் அளவு நச்சு ஏற்றிய எலிகள் பிழைத்தன. குதிரை தேவையில்லை, புரதம் சிறியது, சூட்டையும் தாங்குகிறது. மூதூருக்கு அப்பால் ஒரு சின்ன வைத்தியசாலையில் அப்படியொரு மருந்து இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஆனால் அது எலிகளில், பிரித்தெடுத்த நச்சுகளை வைத்து நடந்த சோதனை. மனிதருக்கு வர இன்னும் பல கட்டங்கள் உண்டு. அப்புறம், அப்பாவைக் கடித்த புடையனின் விஷம் வேறு ரகம். அதிலுள்ள நொதிகள் இரத்தத்தின் உறைபொருட்களைத் தின்று தீர்க்கின்றன. இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும் கட்டுவிரியனின் முக்கிய நச்சும் நரம்பின் முனையையே சிதைப்பது, இந்த மூன்று விரல் வகையல்ல. ஒரு புரதம் ஒரு நச்சு வகையை மட்டும் இறுகப் பிடிப்பதுதான் இவற்றின் பலம். அதனாலேயே ஒவ்வொரு நச்சு வகைக்கும் தனித்தனியாகச் செய்து, பிறகு கலக்க வேண்டியிருக்கும்.

அதுவரை வயலுக்குப் போகும்போது பூட்ஸ், இருட்டினால் டோர்ச். கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம், பாம்பைத் தேடி அடிக்கவும் வேண்டாம். காலை அசைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். போன முறை தந்த டயக்னோசிஸ் கார்டை இன்றைக்கே தேடி எடுங்கள். அதில் ஒவ்வாமை எழுதியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு படம் பிடித்து அப்பாவின் போனிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.