அது சாவுக்குருவி இல்லை, கண்கிலேடி

வீட்டுக்குப் பின்னால் உள்ள பொட்டலில் ராத்திரியானால் ஏதோ பறவை வீறிட்டுக் கத்துகிறது, சாவுக்குருவி என்கிறார்கள், எப்படி விரட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

விசில் அடிப்பதுபோல் ‘பிக் பிக் பிக்’ என்று ஏறிக்கொண்டே போகும் சத்தமென்றால் அது கண்கிலேடி என்கிற தரைப் பறவை. பக்கி என்கிற இன்னொரு ராப்பறவையாக இருக்கலாமே என்று யாராவது வருவார்கள். பக்கி ‘சக் சக்’ என்று அடக்கமாகத்தான் கத்தும், வீறிடாது.

காங்கேயம் பக்கம் எங்களுக்கு ஒரு கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், உண்டு. கிளுவை வேலி, உள்ளே நாலு வெள்வேல மரம், ஆடுகள். எனக்குப் பதினான்கு வயதில் அப்பாரு, அதாவது தாத்தா, பக்கவாதத்தில் விழுந்தார். அது பங்குனி மாதம். தினமும் ராத்திரி இந்தச் சத்தம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கல்லெறிந்தார்கள், வெடி வைத்தார்கள். ஒருநாள் காலையில் நானும் கல்லோடு போனேன்.

நாட்டுக்கோழி அளவு இருக்கும். கழுத்தை நீட்டித் தரையோடு தரையாகக் கிடந்தது. அந்தப் பெரிய மஞ்சள் கண் இல்லாவிட்டால் மிதித்தே இருப்பேன். இன்னும் ரெண்டு எட்டு வைத்ததும் குனிந்தபடியே ஓடியது. கூடெல்லாம் இல்லை. வெறும் சரளையில் இரண்டு முட்டை, சரளையின் நிறத்திலேயே, திட்டுத்திட்டாக. கையிலிருந்த கல்லைக் கீழே போடக்கூடப் பயமாக இருந்தது. அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்தேன். அப்பாருவிடம் சொன்னதும், “நம்ம காட்டுச் சீவன் சாமி, கத்தட்டும்” என்றார், குழறிக் குழறி.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார். உடனே பறவை நல்ல சகுனம் என்று சொல்ல வருகிறேன் என எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பகலெல்லாம் புதர் நிழலில் கிடந்து, இருட்டியதும் பூச்சி, புழு, பல்லி தேடும் பறவை. மரத்தில் அடையாது, கிளையைப் பிடிக்கப் பின்விரலே கிடையாது. தரையை விட்டால் அதற்கு வேறு இடமில்லை.

அந்தத் தரையைத்தான் பிடுங்குகிறோம். புல் முளைத்து ஆடு மேயும் நிலத்தைத் தரிசு என்று எழுதினால் போதும், மறுவருஷம் கல் நட்டு சைட் போட்டுவிடுகிறார்கள். எங்கள் பக்கத்துக் காட்டில் இப்போது வீடு ஒன்றுகூட இல்லை, ஃபோகஸ் லைட் மட்டும் விடிய விடிய எரிகிறது. புகார் கொடுத்தால், “வெளிச்சம்தானே, உங்களுக்கென்ன?” என்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விரட்ட வேண்டாம். சித்திரை வரப்போகிறது, முட்டை இருக்கும். நாய் இருந்தால் ராத்திரி கட்டிப்போடுங்கள். படுத்திருப்பவர் பயந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அது என்ன பறவை என்று சொல்லுங்கள்.