கேள்வி நேரம்: தீவுக்கு வந்த ஜெனோவாக்காரர்கள்

கே: இத்தாலியின் சார்டினியா தீவை ஒட்டியுள்ள கார்லோஃபோர்த்தே ஊரில் சார்டினிய மொழி பேசுவதில்லையாமே, ஏன்?

ப: அந்த ஊர்க்காரர்கள் சார்டினியர்களாக இருந்தால்தானே பேசுவதற்கு! இவர்களின் முன்னோர் வட இத்தாலியத் துறைமுகமான ஜெனோவாவை அடுத்த பெல்யி என்ற கடலோர ஊரைச் சேர்ந்தவர்கள். 1540-களில் லொமெல்லினி என்ற ஜெனோவா வணிகக் குடும்பம், தூனிசியக் கரையோரத்தில் உள்ள தபார்க்கா தீவில் பவளம் எடுக்கும் உரிமை பெற்றது. கூலிக்குப் பவளம் எடுக்கவும் படகோட்டவும் ஆள் வேண்டும் அல்லவா? பெல்யியிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்! பவளம் குறைந்தது, வாய்கள் பெருகின, தூனிஸ் ஆட்சியாளரோடு உரசல் முற்றியது. 1738-ல் ஒரு பகுதியினர் கிளம்பி, ஆளற்றுக் கிடந்த சான் பியெத்ரோ தீவில் குடியேறினார்கள். அந்த ஊர்தான் கார்லோஃபோர்த்தே. இடம் கொடுத்தவர் சார்டினிய மன்னர் மூன்றாம் கார்லோ எமானுவேலே. ஊர்ப் பெயரில் இருக்கும் கார்லோ அவர்தான். வெறும் தீவில் போட்டிக்கு வேறு மொழி ஏது? பழைய ஜெனோவா பேச்சு இன்றும் தெருவில், வீட்டில், மீன்பிடி படகில் புழங்குகிறது. பக்கத்துத் தீவின் கலசேத்தாவிலும் 1770-ல் குடியேறிய இதே ஆட்கள்தாம்.

கே: தபார்க்காவிலேயே தங்கியவர்கள் என்ன ஆனார்கள்?

ப: 1741-ல் தூனிஸ் படை தீவைப் பிடித்தது; அத்தனை பேரும் அடிமைகள். சிலரை மீட்டுக் கார்லோஃபோர்த்தேயில் சேர்த்தார்கள். வேறு சிலரை ஸ்பெயின் மன்னர் மீட்டு, அலிகாந்தேக்கு எதிரில் ஒரு குட்டித் தீவில் வைத்தார். அதன் பெயர் புதிய தபார்க்கா. அங்கே மொழி போய்விட்டது, பரோதி, ருஸ்ஸோ போன்ற குடும்பப் பெயர்கள் மட்டும் மிஞ்சின. கூட்டமாக இருந்த இடத்தில் மொழி தங்கியது, கொஞ்சம் பேராய்ப் போன இடத்தில் கரைந்தது. வரலாற்று ஆசிரியர்கள் மன்னர்களின் தாராளத்தைப் பாராட்டுவார்கள். எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. காலியான தீவை ஆள் வைத்துக் காக்க அவர்களுக்கும் தேவை இருந்தது.

கே: கார்லோஃபோர்த்தே மக்களைக் கடற்கொள்ளையர் பிடித்துச் சென்ற கதை உண்மையா?

ப: முழு உண்மை. 1798 செப்டம்பரில், இரவோடு இரவாகத் தூனிஸ் கப்பல்கள் வந்து, பெண்கள், குழந்தைகள் உட்பட 900-க்கும் மேற்பட்டோரைத் தூக்கிச் சென்றன. தாத்தா அடிமைப்பட்ட அதே கரையில் பேரனும்! 1803-ல்தான் விடுதலை. இடையில், 1800 நவம்பரில், நிக்கோலா மொரெத்தோ என்ற அடிமை இளைஞன் மரத்தால் ஆன ஒரு கரிய பெண் உருவத்தைக் கண்டெடுத்தான். கப்பலின் முகப்பில் பொருத்தும் சிற்பம் போன்ற ஒன்று. அடிமைகள் அதை மாதாவாகக் கும்பிட்டு, விடுதலையானபோது கையோடு கொண்டுவந்தார்கள். ‘அடிமையின் மாதா’ திருவிழா நவம்பர் 15-ல் இன்றும் நடக்கிறது.

கே: துறைமுகத்தில் நிற்கும் மன்னர் கார்லோ எமானுவேலே சிலைக்கு ஒரு கை இல்லையே?

ப: 1793-ல் பிரெஞ்சுப் படை வந்தபோது, சிலையை உடைத்துவிடுவார்களோ என்று பயந்து ஊரார் அதை மறைக்கப் பார்த்தார்களாம். அந்தத் தள்ளுமுள்ளில் கை போயிற்று. காப்பாற்றப் போனவர்களாலேயே முறிந்த கை! பிரெஞ்சுக்காரர்கள் தீவுக்குச் ‘சுதந்திரத் தீவு’ என்று பெயர் சூட்டிச் சில மாதங்களே இருந்தார்கள். ஸ்பானியக் கப்பல்கள் விரட்டிவிட்டன.

கே: அங்கே சாப்பிட என்ன கிடைக்கும்?

ப: சூரை மீன்தான் ஊரின் வயிறு. மே, ஜூனில் கரையோரமாக வரும் பெரிய சூரைகளை அறை அறையாக வலைகட்டிப் பிடிப்பார்கள். வலைக்குத் தலைவனை அரபியில் போலவே ‘ராயிஸ்’ என்கிறார்கள். மீனின் ஒரு துண்டும் வீணாகாது, முட்டைப் பையைக் கூட உப்பிட்டு உலர்த்துவார்கள். நான் பரிந்துரைப்பது கஷ்கா. ஆவியில் வேகவைத்த ரவையோடு கொண்டைக்கடலையும் காய்கறிகளும் சேர்ந்தது. ஆப்பிரிக்கக் கரையின் கூஸ்கூஸ்தான். தங்களைச் சிறைபிடித்த நாட்டின் சமையலை இவர்கள் விடவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.