துபாய்க்கு நாலு பேர் டிக்கெட், நாத்தனாருக்கு ஒரு செயின்

கேள்வி: திருச்சியில் தனியார் பள்ளி ஆசிரியை நான். கணவருக்கும் எனக்கும் சேர்த்து மாதம் 68,000 ரூபாய் வருகிறது. டிசம்பரில் இரண்டு பிள்ளைகளோடு 5 நாள் துபாய் போகிறோம். எங்கள் செலவு 1.9 லட்சம். நாத்தனார் ஒரு பவுன் செயினும், கணவரின் அண்ணன் மகன் ஒரு போனும் கேட்கிறார்கள். அதற்கு ஒன்றரை லட்சம். பிறகு தருவதாகச் சொல்கிறார்கள். கையில் 90,000 இருக்கிறது. மீதி 2.5 லட்சத்துக்கு 14 சதவீதத்தில் 3 வருட பெர்சனல் லோன் கிடைக்கும். போன வருடம் மலேசியாவில் தம்பிக்காக கிரெடிட் கார்டில் வாங்கிய போனில் 48,000 பாக்கி, மாதம் 3,000 கட்டி வருகிறேன். துபாய்க்குப் பணமாக எடுத்துப் போவதா, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டா? தூக்கமே வரவில்லை.

பதில்: தூக்கம் வராததற்குக் காரணம் ஃபாரெக்ஸ் கார்டு இல்லை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அந்த 48,000 தான். அடுத்தவர் கேட்ட பொருளை உங்கள் கார்டில் வாங்கிவிட்டு, அவர் தரும்வரை வட்டியை நீங்கள் சுமக்கிறீர்கள். மலேசியாவில் செய்ததையே துபாயில் மூன்று மடங்காகச் செய்யப் போகிறீர்கள்.

கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 48,000-க்கு 1,680. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஏறக்குறைய 2,000 ஆகிவிட்டது. நீங்கள் கட்டும் 3,000-த்தில் அசலுக்குப் போவது ஆயிரம்தான். இப்படியே கட்டினால் முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், மொத்தம் 80,000 போயிருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பழைய பாக்கி இருக்கும் கார்டில் புதிதாக எது வாங்கினாலும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. துபாயில் தேய்க்கும் ஒவ்வொரு தேய்ப்புக்கும் வட்டி அன்றே தொடங்கும். வெளிநாட்டில் தேய்ப்பதற்கென்று பல கார்டுகள் பிடிக்கும் மூன்றரை சதவீதமும் அதற்கான ஜிஎஸ்டியும் தனி. ஒரு லட்சத்துக்கு அதுவே 4,130 ரூபாய்.

நாத்தனார் செயின் விஷயத்துக்கு வருகிறேன். துபாயில் தங்கம் மலிவு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 2024 ஜூலையில் இங்கே இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தபோதே அந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விட்டது. செய்கூலி அங்கேயும் உண்டு. முக்கியமாக, நகைக்கான சுங்கச் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான். 5 நாள் சுற்றுலா போய் வரும் உங்களுக்கு இல்லை. விமான நிலையத்தில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், நாத்தனார் அல்ல. இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள், வருத்தப்பட்டாலும் புரிந்துகொள்வார். செயின், போன் எது வேண்டுமானாலும் பணம் முன்கூட்டியே உங்கள் கணக்குக்கு வரட்டும், வராவிட்டால் வாங்க வேண்டாம்.

லோனும் வேண்டாம். 2.5 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 8,550, மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 57,000-க்கு மேல். டிராவல் கம்பெனிகள் நீட்டும் 'இப்போது போங்கள், அப்புறம் கட்டுங்கள்' திட்டங்களையும் தயவுசெய்து தொடாதீர்கள். வட்டி இல்லை என்பார்கள். செயலாக்கக் கட்டணம், கைவிட்டுப் போன தள்ளுபடி என்று வேறு வழியில் வாங்கிவிடுவார்கள்.

இந்த வாரமே 90,000-த்திலிருந்து எடுத்து கார்டு பாக்கியை முழுதாக அடையுங்கள். கையில் 42,000 நிற்கும். பயணத்தை அடுத்த டிசம்பருக்குத் தள்ளுங்கள். தவணையாகக் கட்டத் தயாராக இருந்த 8,550, கார்டுக்குப் போய்க்கொண்டிருந்த 3,000, இரண்டையும் மாதாமாதம் ஆர்டியில் (வங்கித் தொடர் வைப்பில்) போட்டால் 12 மாதத்தில் 1,38,600. கையிருப்போடு 1.8 லட்சம். தம்பி தர வேண்டியதில் பாதி வந்தாலே உங்கள் 1.9 லட்சம் தாண்டிவிடும். பிள்ளைகள் ஒரு வருடம் காத்திருப்பார்கள், சரிதானே?

இனி நீங்கள் கேட்டது. டாக்சி, டிப்ஸ், ஓடையைக் கடக்கும் அப்ரா படகு (அதற்கு ஒரு திர்ஹாம்தான்) போன்றவற்றுக்குக் கொஞ்சம் ரொக்கம், மீதி ஃபாரெக்ஸ் கார்டில். கார்டில் டாலர் ஏற்றாதீர்கள், திர்ஹாமாகவே ஏற்றுங்கள். டாலரிலிருந்து மாற்றுவதற்கு இன்னொரு கட்டணம் பிடிப்பார்கள். கடையில் மெஷின் 'ரூபாயா, திர்ஹாமா' என்று கேட்டால் திர்ஹாமையே அழுத்துங்கள். ரூபாய் பார்க்கப் பழக்கமாக இருக்கும், ஆனால் மாற்று விகிதம் மோசம். தெய்ராவிலோ பர் துபாயிலோ மெட்ரோ பக்கம் ஓட்டல் எடுத்து, மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்குமான நோல் கார்டு வாங்கிக்கொண்டால் டாக்சி செலவில் பெரும்பகுதி மிச்சம். ஓட்டலுக்கு முன்பணம் முழுதும் கட்டியிருந்தாலும் 'டூரிசம் திர்ஹாம்' என்று அறைக்கு, இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம்வரை அங்கே தனியாகக் கேட்பார்கள், ஒதுக்கி வையுங்கள்.

அங்கே இருக்கும் சொந்தக்காரர்களும் பட்டியல் அனுப்புவார்கள். மசாலா பொட்டலம் கேட்டால் பிரித்துப் பாருங்கள். கசகசா அந்த நாட்டில் தடை செய்யப்பட்ட போதைப்பொருள் வகையில் வருகிறது; குருமாவுக்கு என்று சொன்னாலும் எடுபடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் மாத்திரை இரண்டும் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாதவை. யார் கட்டிக் கொடுத்த பார்சலையும் பிரிக்காமல் உங்கள் பெட்டியில் வைக்காதீர்கள்.